பம்மல் கிளவுட்ஸின் இரண்டாம் பக்கம்

போன ஞாயிறு மத்தியானம். பவித்ராவைத் தூளியில் போட்டு ஆட்டிவிட்டு, நிஜமாகவே தூங்கிவிட்டாளா, இல்லை தூங்குவதுபோல் எனக்குப் போக்குக் காட்டுகிறாளா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் கேட் கிறீச்சிட்டது.

நான்கு இளைஞர்கள். முன்னால் சேகர், எங்கள் ஹவுஸ் ஓனரின் மகன். கையில் ஒரு செருப்புக்கடை அட்டைப்பெட்டி. பெட்டி நிறையக் கேஸட்டுகள்.

“அக்கா, ஒரு ஹெல்ப். எங்க கேஸட்டுக்கு இன்னும் ஒரு பக்கம்தான் பாக்கி. எதைப் போடறதுன்னு நீங்க சொல்லிடுங்க. நாளைக்குக் காலைல தாம்பரத்துல காப்பி போடற கடைல குடுக்கணும்.”

நானா?

பத்திரிகையில் இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் லட்சணம் தெரியும். கொத்தமல்லிக் கட்டு வாங்கினால், பக்கத்துக் கட்டு இன்னும் பசுமையாக இருந்ததோ என்று வீடு வரை யோசிக்கிறவள் நான். குழந்தைக்கு ஸ்வெட்டர் போட்டால் வேர்க்குமோ, கழற்றினால் சளி பிடிக்குமோ என்று போட்டும் கழற்றியும் சாயங்காலத்தையே கழித்துவிடுவேன். என்னிடம் வந்து ஒரு முடிவைக் கேட்கிறார்கள்.

“எங்க நாலு பேருக்குள்ள ஒத்து வரலைக்கா. நீங்கதான் எல்லாத்தையும் கேட்டவங்க.”

“கேட்டேன்னு சொல்ல முடியாதுப்பா. காதுல விழுந்துது.”

“அதுபோதும்க்கா. எங்களுக்கு வேற ஆடியன்ஸ் கிடையாது” என்றான் பின்னால் நின்ற பென்னி. ட்ரம்ஸ் வாசிப்பவன். பம்மல் சர்ச் காயரில் பாடுகிற பையன். அவனுக்கு மஸ்கட்டில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்து, விசா வந்துவிட்டது. அடுத்த வாரம் கிளம்புகிறான். அவன் போய்விட்டால் இந்தக் குழுவும் இல்லை. இந்த ஒரு கேஸட்தான் மிஞ்சும்.

இப்போது சொல்லுங்கள்... கையெல்லாம் வேர்க்குமா, வேர்க்காதா?

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

நாங்கள் இருப்பது விமான நிலையத்தை ஒட்டி, பொழிச்சலூரில். கீழ் போர்ஷன் எங்களுக்கு. பக்கத்து வீட்டில் ஹவுஸ் ஓனர். எங்கள் தலைக்குமேல், இன்னும் பூச்சு முடியாத ஒரு பெரிய ஹால். வாடகைக்கு விடலாம் என்று அவர் கட்ட ஆரம்பித்து, சிமென்ட் விலையைப் பார்த்து நிறுத்தியது. செங்கல் சுவர், கதவில்லாத நிலை. அதைத்தான் சேகர் பிடித்துக்கொண்டான். பம்மல் கிளவுட்ஸ் என்று குழுவுக்குப் பெயர். பம்மல் பக்கத்து ஊர். பொழிச்சலூர் என்று வைத்தால் வெளியூர்க்காரன் வாயில் நுழையாதாம்.

குடிவந்த புதிதில் ஒரு மாதம் வரைக்கும் அவர்கள் ஸ்ருதி சேர்க்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிதாரில் ஒரு ஸ்வரம் வரும். அது போய்த் தேய்ந்து காணாமல் போகும்போது இன்னொன்று வரும். கீபோர்ட் எங்கேயோ தூரத்தில் முனகும். பாவம், வாத்தியம் மட்டமானது போலிருக்கிறது, சேரவே மாட்டேன் என்கிறது என்று நினைத்தேன்.

ஒருநாள் துணி உலர்த்த மாடிக்குப் போனபோது சேகரிடம் கேட்டே விட்டேன். “எப்போ தம்பி பாட்டை ஆரம்பிப்பீங்க?”

“இதான்க்கா பாட்டு.”

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. யாரும் எதையும் முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை என்று விளக்கினான். ஒருவன் ஆரம்பிப்பான், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே உள்ளே வருவார்கள். எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. வாசிப்பதையெல்லாம் டேப்பில் பிடித்து வைப்பார்கள். பதிந்ததை வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. அதுதான் அவர்களுக்குள் ஒரே ரூல்.

“இதுக்குப் பேரு சைக்கடெலிக் ராக் அக்கா.”

கீழே வந்து அகராதியைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அதில் என்னவோ மயக்க மருந்து, மாயத் தோற்றம் என்றெல்லாம் போட்டிருந்தது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு நேர்மேலே கஞ்சாவா? மறுநாளே ஒரு தட்டு வெங்காய பஜ்ஜியுடன் மாடிக்குப் போனேன். உபசாரம் எல்லாம் இல்லை, மோப்பம் பிடிக்கத்தான். கொசுவத்தி வாசனை. அதற்குமேல் ஊதுவத்தி வாசனை. ஆம்ப்ளிஃபயருக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் சேகரின் அம்மா வந்து பொட்டு வைத்துவிட்டுப் போவாராம்.

பஜ்ஜி இரண்டு நிமிஷத்தில் காலி. நிம்மதியாக இறங்கி வந்தேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த மத்தியானங்கள் பழக ஆரம்பித்தன.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. விமானம் தலைக்குமேல் போகும்போது, பேசிக்கொண்டிருக்கிறவர்கள் பாதி வார்த்தையில் அப்படியே நிற்பார்கள். அது போனதும் மீதி வார்த்தையிலிருந்து தொடர்வார்கள். காய்கறிக்காரர் “தக்காளி கிலோ...” என்று நின்று, வானத்தைப் பார்த்து, பிறகு விலையைச் சொல்வார். சண்டை போடுகிறவர்கள்கூட அப்படித்தான்.

மாடியில் இருந்தவர்கள் மட்டும் நிறுத்துவதில்லை. விமானம் வந்தால் பேஸ் கிதார் அதன் உறுமலைப் பிடித்துக்கொள்ளும். விமானம் எங்கேயோ மேகத்துக்குள் போன பிறகும் அந்த உறுமல் மட்டும் எங்கள் கூரைமேல் படுத்திருக்கும். அதன்மேல் கிதார் மெதுவாக நடக்கும். வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் இழுத்துக்கொண்டு போகும். தூளி ஆடும். ஃபேன் சுற்றும். எது ஆடுகிறது, எது சுற்றுகிறது, எது வாசிக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு நேரம். தண்ணீருக்கடியில் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். அடுப்பில் பால் இருக்கிறதா என்றுகூட மறந்துபோகும்.

முழுக்க மறக்கவும் மாட்டேன். பவித்ராவுக்கு இழுப்பு உண்டு. அவள் தூங்கினால் என் காது தூங்காது. மூச்சு சீராக இருக்கிறதா, கீச்சென்ற சத்தம் வருகிறதா, இருமல் வறண்டதா சளியா... இப்படிக் கேட்டுக் கேட்டே என் காது கூர்மையாகிவிட்டது. அந்தக் காதில்தான் அவர்கள் சங்கீதமும் விழுந்தது. கவலைப்படுகிறவளைப்போல் உன்னிப்பாகக் கேட்கிறவள் வேறு யார்?

ஒருநாள் படியில் சேகரைப் பார்த்துச் சொன்னேன். “நேத்து பிளேன் போனப்புறம் கீழே இறங்கி வர்ற மாதிரி ஒண்ணு வாசிச்சீங்களே, நல்லா இருந்துது. இன்னிக்கு ஏன் அதை வாசிக்கலை?”

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். “அது போயிடுச்சுக்கா. திரும்ப வராது. நீங்க கவனிச்சீங்களா அதை?”

அன்றிலிருந்து நான் அவர்களுக்கு ஆடியன்ஸ் ஆகிவிட்டேன்.

ஊருக்குத் தங்களைக் காட்டவும் அவர்கள் ஒருமுறை முயற்சி செய்தார்கள். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டு விழா. ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, லெமன் அண்ட் ஸ்பூன். சங்கத்துக்குச் செயலாளர் எங்கள் ஹவுஸ் ஓனர்தான். மகன் கேட்டான் என்று மாறுவேடப் போட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் ஒதுக்கினார்.

பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார்கள். உண்மையிலேயே நன்றாக வாசித்தார்கள். கூட்டம் அமைதியாக இருந்தது. நம் ஜனங்களுக்கு ஸ்ருதி சேர்க்கிறவர்களிடம் எப்போதுமே ஒரு மரியாதை உண்டு, எவ்வளவு நேரமானாலும் பொறுப்பார்கள். ஆமாம், நான் முதலில் நினைத்ததைத்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று காத்திருந்தார்கள். வாசித்து முடித்து நால்வரும் கண்ணைத் திறந்தார்கள். ஒரு கைதட்டல் இல்லை.

ஹவுஸ் ஓனர் மைக்கைப் பிடித்தார். “தம்பிங்களா, டெஸ்டிங்கு போதும்பா. புள்ளைங்க வேஷம் போட்டுகினு எம்மா நேரமா நிக்குதுங்க. சட்டுனு ஒரு பாட்டைப் பாடி முடிச்சுக்குங்க.”

இதற்குக் கைதட்டல் வந்தது.

சேகர் தரையைப் பார்த்தான். பென்னிதான் என்ன தோன்றியதோ, குச்சிகளை எடுத்து ட்ரம்ஸில் புயல்மாதிரி இறங்கினான். “ஆங், ஆரம்பிச்சுட்டாங்க” என்றார் என் பின்னால் ஒருவர். பாரதமாதா, போலீஸ், மயில் என்று வேஷம் கட்டிய குழந்தைகளெல்லாம் ஆடத் தொடங்கின. பென்னி முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் பார்த்தேன்.

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைச் சிக்கல்.

கேஸட்டின் முதல் பக்கத்தில் என்ன என்பதில் நால்வருக்கும் தகராறு இல்லை. இரண்டாம் பக்கத்துக்குத்தான் இரண்டு போட்டி. கறுப்புக் கேஸட்டில் பென்னியின் நீண்ட ட்ரம் ஸோலோ. வெள்ளைக் கேஸட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாசித்தது. பக்கத்துக்கு அரை மணி நேரம். இரண்டுமே முழுப் பக்கத்துக்கு வரும். வெட்டக் கூடாது என்பது ரூல். ஆகவே, ஒன்றுதான் போகும்.

“கறுப்பு போட்டாத்தான்க்கா ஜனங்களுக்குப் புரியும்” என்றான் பென்னி. சேகர் வெள்ளைக் கேஸட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் வெள்ளையின் பக்கம் என்பது தெரிந்தது. மற்ற இருவரில் ஒருவன் இந்தப் பக்கம், ஒருவன் அந்தப் பக்கம். இரண்டு கேஸட்டையும் என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் டூ-இன்-ஒன்னில் கறுப்பைப் போட்டேன். என்ன சொல்ல... பிரமாதம். மழைபோல் ஆரம்பித்து, ரயில்போல் ஓடி, எங்கேயோ மலையில் ஏறி நிற்கிறது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவரின் கால் தாளம் போட்டது. “இது நல்லாருக்கே. இதையே சொல்லிடு” என்றார். பவித்ரா ஸ்பூனை எடுத்துத் தட்டில் அடித்தாள். தீர்ந்தது விஷயம் என்று நினைத்தேன்.

கடமைக்கு வெள்ளையையும் போட்டேன்.

வழக்கம்போல் மெதுவாகத் தொடங்கியது. பென்னியின் ட்ரம்ஸ் நிதானமாக, நடக்கிற வேகத்தில். கொஞ்ச நேரத்தில், எல்லாவற்றுக்கும் அடியில், ரொம்பச் சின்னதாக ஒரு இருமல்.

என் கை அப்படியே நின்றது. அது என் பவித்ராவின் இருமல்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு நினைவிருந்தது. காலையிலிருந்தே இழுப்பு. மருந்து கொடுத்து, தோளில் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தேன். டாக்டரிடம் மறுபடி ஓடுவதா, இன்னும் கொஞ்சம் பார்ப்பதா? மாடியில் அவர்கள் வாசித்துக்கொண்டிருந்தது, காதில் விழுந்தும் விழாமலும் இருந்தது. பிறகு எப்போதோ குழந்தையின் மூச்சு இறங்கி, என் கழுத்தில் சூடாகப் பட, அவள் தூங்கிப்போனாள். நானும் நின்றவாக்கிலேயே ஏதோ கனவில் இருந்ததுபோல் ஒரு ஞாபகம்.

இப்போது கேஸட்டில் அதைக் கேட்டேன். இருமல் இரண்டாவது முறை வந்ததும் ட்ரம்ஸ் நின்றுவிட்டது. சட்டென்று. மற்ற மூவருக்கும் வழி தெரியவில்லை. கீபோர்ட் ஒரு இடத்தைத் தொட்டுவிட்டுப் பின்வாங்கியது. பேஸ் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை. கிதார், கரண்ட் போன அறையில் சுவரைத் தடவிக்கொண்டு போகிறவர்மாதிரி, ஒவ்வொரு ஸ்வரமாகத் தடவியது. பிறகு தூரத்தில் விமானம். அது நெருங்கி, பேஸின் ஸ்வரத்துக்குள் நுழைந்து, வீடு முழுவதும் நிரம்பி, இறங்கியது. அதற்குப் பின்னால் வந்த அமைதியில் மூவரும் எதையோ கண்டுபிடித்திருந்தார்கள். பெயர் சொல்லத் தெரியவில்லை. மெத்தென்று, அவசரமில்லாமல், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு அது போய்க்கொண்டே இருந்தது. கடைசிவரை பென்னி குச்சியை எடுக்கவில்லை. இரண்டோ மூன்றோ இடத்தில் விரலால் ட்ரம்ஸ் தோலைத் தொடுகிற சத்தம் மட்டும்.

கேஸட் முடிந்து பட்டன் தானாக மேலே வந்தது. கணவர் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். இது பாராட்டா, விமர்சனமா?

எனக்கு வெள்ளைதான். சந்தேகமே இல்லை என்று தோன்றிய அடுத்த நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. என் குழந்தையின் இருமல் அதில் இருக்கிறது என்பதால்தானே எனக்குப் பிடிக்கிறது? ஊர்ப் பிள்ளைகளின் ஒரே கேஸட்டில் என் பாசத்தைக் கொண்டுபோய்த் திணிக்கிறேனோ? மஸ்கட்டுக்குப் போகிற பையன், தான் வாசித்ததைக் கையோடு எடுத்துக்கொண்டு போக ஆசைப்படுகிறான். அதைத் தட்டிவிட நான் யார்?

இருமலுக்கு அப்பால் டேப்பை ஓட்டி, அங்கிருந்து மட்டும் கேட்டேன். பவித்ரா பக்கத்தில் உட்கார்ந்து நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு பிஸ்கட் தின்றாள். அப்போதும் வெள்ளைதான். கறுப்பை இன்னொரு முறை போட்டேன். அதுவும் பிரமாதம்தான். மறுபடி வெள்ளை. குக்கர் எத்தனை விசில் விட்டது என்று தெரியாமல் அன்று பருப்பு குழைந்துபோனது.

திங்கள் காலை நால்வரும் வந்துவிட்டார்கள்.

“வெள்ளை” என்றேன்.

பென்னி சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. “ஏன்க்கா, கறுப்பு போர் அடிச்சுதா?”

“சேச்சே. அதைக் கேட்டு இவர் காலே ஆடுச்சுப்பா. கல்யாண ஊர்வலத்துலகூட ஆடாத கால்.”

“அப்புறம் இன்னாக்கா? வெள்ளைல நான் எங்க கீறேன்? முக்காவாசி நேரம் சும்மா குந்திகினு கீறேன். அங்க போய்ப் போட்டுக் காட்டினா, நீ இன்னாடா பண்ணேன்னு கேப்பானுங்க.”

“லீவுல இருந்தேன்னு சொல்லு மச்சான்” என்றான் சேகர். யாரும் சிரிக்கவில்லை.

டூ-இன்-ஒன்னை வாசற்படிக்குக் கொண்டுவந்து அந்த இடத்தைப் போட்டேன். இருமல். மறுபடி இருமல். ட்ரம்ஸ் நின்றது.

“இங்க ஏன் நிறுத்தினே பென்னி?”

அவன் கழுத்தைத் தடவினான். “பாப்பாவுக்கு உடம்பு முடியலைன்னு சேகர் அம்மா சொல்லிகினு இருந்தாங்க. இருமறது கேட்டுச்சு. கை வரலைக்கா. அவ்ளோதான்.”

பேஸ் வாசிக்கிறவன் திரும்பிப் பார்த்தான். “அதுக்கா நிறுத்தினே? நீ என் மேல கோச்சுகினு நிறுத்திட்டேன்னு நெனச்சேன்டா. அதான் அந்த ஒரே நோட்டைப் புடிச்சுகினு உன் மூஞ்சையே பாத்துகினு இருந்தேன். நீ எப்போ வருவேன்னு.”

“நானும்தான்” என்றான் கிதார் வாசித்த சேகர். “எங்க போறதுன்னே தெரியலை. உன்னையே பாத்துட்டு வாசிச்சேன்.”

“சொல்லித் தொலைச்சிருக்கலாமே” என்றான் கீபோர்ட்காரன்.

“வாசிச்சுகினு இருக்கும்போது எப்படிடா சொல்லுவாங்க?”

அப்போதுதான் எனக்கே புரிந்தது, முந்தின நாள் முழுக்க எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று. “பென்னி, கறுப்புல நீ ஒருத்தன் வாசிக்கிறே. வெள்ளைல மூணு பேரும் உன்னைப் பாத்துக்கிட்டே வாசிக்கிறாங்க. எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. என் பொண்ணு இருமல் இருக்கறதால சொல்றேனோன்னு எனக்கே தெரியலை. தப்பா இருந்தா தப்பாவே இருக்கட்டும்.”

இப்படி ஒரு வாக்கியத்தை நான் இதற்குமுன் சொன்னதாக நினைவில்லை.

பென்னியே டேப்பைப் பின்னால் ஓட்டி இன்னொரு முறை போட்டான். குனிந்து, காதை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டான். விமானம் வந்தது. நிஜமாகவே வந்ததா, டேப்பிலா என்று நாங்கள் ஐந்து பேரும் ஒருசேர வானத்தைப் பார்த்தோம். டேப்பில்தான். அது போகும்வரை வழக்கப்படி யாரும் பேசவில்லை.

பிறகு பென்னி கேஸட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“இருமலை எடுத்துடட்டுமான்னு கடைக்காரன் கேப்பான். ரூல்னா ரூல்னு சொல்லிடணும்” என்றான் சேகரிடம். கேட்டைத் தாண்டும்போது பேஸ் வாசிக்கிறவன் அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு போனான்.

இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். புதன்கிழமை துணி மடித்துக்கொண்டிருக்கும்போதுதான் தோன்றியது... கறுப்பையே சொல்லியிருக்கலாமோ?

அதற்குள் தாம்பரத்தில் எல்லாக் கேஸட்டும் பதிவாகிவிட்டது. நல்லவேளை.